பத்திரம் முடிந்த மதியம்

கடலாடி ரிஜிஸ்டர் ஆபீசை விட்டு வெளியே வந்தபோது
மணி பன்னிரண்டேகால்.
யாருக்கும் உடனே வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை.
"மூக்கையூருக்குப் போயி நண்டு தின்னுட்டு வருவமா?"
பெரியண்ணன் வழிவிட்டான்தான் கேட்டான்.
சாட்சிக்காரர்களை பஸ் ஏற்றிவிட்டு
நாங்கள் மூன்று பேர் மட்டும்
சின்னண்ணனின் புதுக்காரில்.
சீட்டு உறையின் பிளாஸ்டிக்கை இன்னும் கிழிக்கவில்லை.
சாயல்குடி தாண்டியதும்
"ஏசி வேணாம், கண்ணாடிய எறக்கு" என்றேன்.
இறக்கினான்.
அன்றைக்கு நான் எது சொன்னாலும் கேட்டார்கள்.

வேலிக்கருவையெல்லாம் சட்டென்று முடிந்து
கடல்.

கருங்கல்லைக் கொட்டி நீட்டிய கைக்குள்
விசைப்படகுகள் தோளிடித்து நின்றன.
தொழிலுக்குப் போகாத நாளாம்.
கயிறு இழுபடும்போதெல்லாம் ஒரு முனகல்.
ஒரு படகில் பாதி வரைக்கும் சிவப்படித்து
டப்பாவை அப்படியே விட்டுப் போயிருந்தார்கள்.
பெரியண்ணன் வேட்டியை மடித்துக் கட்டி
கல்மேல் ஏறி நின்றான்.
புஞ்சையைப் பார்க்கிற அதே பார்வையில்
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை
தண்ணீரைப் பார்த்தான்.
"சிரி காளீஸு" என்று சின்னண்ணன் போனைத் தூக்கினான்.
சிரித்தேன். நன்றாகத்தான் விழுந்திருந்தது,
பின்னால் கொடிமரமும் ஒரு நாயும்.

வலை பொத்திக்கொண்டிருந்தவரிடம்
"எம்புட்டுத் தூரம் போவீங்க?" என்றான் பெரியண்ணன்.
"கோடு மட்டும்."
"கடல்லயா கோடு?"
"மிசின்ல காட்டும்."
ஊசியைப் பல்லில் கடித்தபடி யோசித்துவிட்டுச் சொன்னார்:
"மீனு பூராம் அங்கிட்டுத்தான் கெடக்கு."
அண்ணன்மார் இருவரும்
சர்வேயர் சொன்னதைக் கேட்டதுபோல் தலையாட்டினார்கள்.

தார்ப்பாய்க்குக் கீழே பெர்னதெத் அக்காவின் அடுப்பு.
நீலக்கால் நண்டு ஒன்றேகால் கிலோ,
மிளகு தூக்கலாக.
ஒரு விளமீன் பொரித்தது, கொஞ்சம் கணவாய்.
"அண்ணன் தங்கச்சியா? மூக்கே சொல்லுது" என்றாள்.
மூன்று பேரும் மூக்கைத் தொட்டுக்கொண்டோம்.

நண்டை நான் பல்லால் உடைக்க மாட்டேன்.
இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.
பெரியண்ணன் கொடுக்கைத் தன் கடைவாயில் வைத்து நெரித்து
முழுசாக வெள்ளைச் சதையை உருவி
என் இலையில் வைத்தான்.
சின்னண்ணன் சினையை வழித்து வைத்தான்.
அடுத்த கொடுக்கு. அதற்கடுத்தது.
அவர்கள் பக்கம் ஓடு குவிந்தது.
கணக்குப் பார்த்தால்
முக்கால் கிலோவுக்கு மேல் என் பங்கு.

காலையில் வாசித்துக் காட்டினார்கள்:
மேற்படி சொத்தில் இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ
எவ்விதப் பாத்தியதையும் இல்லை.
நண்டைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

கண்ணில் தண்ணீர் வந்தது.
"என்ன தாயி?" என்று இரண்டு பேரும் ஒரே குரலில்.
மிளகு என்றேன்.
மிளகுதான்.

கை கழுவும்போது பார்த்தேன்,
இடது கட்டைவிரலில் மை அப்படியே இருந்தது.
"எலுமிச்சந்தோலு போட்டுத் தேயிங்க" என்று
பெர்னதெத் அக்கா ஒரு மூடியை நீட்டினாள்.
கவிச்சி வலது கையில் என்று நினைத்திருப்பாள்.
வாங்கித் தேய்த்தேன்.

பில்லுக்கு இருவரும் சண்டை.
ஆயிரத்தெழுநூற்றுச் சொச்சம்.
ஒருத்தன் நோட்டை இன்னொருத்தன் தட்டிவிட,
நான் பக்கத்துக் கடையில்
என் பர்சிலிருந்து எடுத்துக் கொடுத்து
ஒரு கிலோ நெத்திலிக் கருவாடும்
அரைக்கிலோ சாளைக் கருவாடும் வாங்கினேன்.
தினத்தந்தித் தாளில் சுற்றி, சணல் போட்டுக் கட்டி,
மடியில் வைத்துக்கொண்டு
முன்சீட்டில் உட்கார்ந்தேன்.

அணைக்கப்போன வெயில் உப்பளத்தின் மேல் கிடந்தது.
யாரும் பேசவில்லை.
சாயல்குடிக்கு முன்னால்
கண்ணாடியை ஏற்றச் சொன்னேன்.
ஏற்றினான்.
"ஏசியப் போடு."
போட்டான்.
மடியிலிருந்த சணலை மெதுவாக அவிழ்த்தேன்.